உப்புத்தாள்

கொமொதோரோவில் காற்றுக்கு விடுப்பு கிடையாது.
வருஷத்தில் நாலைந்து நாள்
சென்கே மலைக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை பார்த்து
என் ரெனோவுக்கு நீலம் அடித்தேன்,
குளியலறைக் கதவுக்கு வாங்கிய ரோலரால்.

காலையில் பார்த்தால்
வண்டி முழுக்க ஆரஞ்சுத் தோல்.
பானட்டின் நடுவில், சிறகு விரித்தபடி,
இரவே வந்து இறங்கிய ஓர் அந்துப்பூச்சி.
அதுவும் நீலம்.
வேலிக்கு அந்தப்புறமிருந்து ஃபௌஸ்தினோ பார்த்தான்.
"சுவர் மாதிரி இருக்கிறது" என்றான்.
பொய் சொல்லத் தெரியாத மனிதன்,
அதனால்தான் இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை.

பெயர்தான் உப்புத்தாள்.
உப்பு அதில் இல்லை; இங்கே காற்றில் இருக்கிறது,
துணிக்கொடியில், உதட்டில், ஜன்னல் கீலில்.
எண்ணூறாம் நம்பர் தாளை வாளியில் ஊறவிட்டு
பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு விட்டு
ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்த்தேன்.
வட்டமாக அல்ல. நேராக.
போய், வந்து. போய், வந்து.
அந்துப்பூச்சி முதலில் போனது.
சிறகின் தடம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது,
பிறகு அதுவும்
கட்டைக்குக் கீழே வழவழத்துப் போனது.

மினுக்கம் வேண்டித் தேய்க்கிறவள்
முதலில் மினுக்கத்தைக் கொல்ல வேண்டும்.
இருந்த கொஞ்சப் பளபளப்பும் செத்து
வண்டி சிலேட்டு மாதிரி, புரை விழுந்த கண் மாதிரி
என்னைப் பார்த்தது.
நீலப் பால் ஒழுகித் தெருவுக்குப் போயிற்று.
எவர் வீட்டு நாயோ அதில் நடந்து
பேக்கரி வாசல் வரை
நீலப் பூக்கள் வைத்துவிட்டுப் போயிற்று.

நான்காம் நாள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்,
இரவுப் பணி வருகைக்குக் கட்டைவிரலை வைத்தேன்.
மறுபடி வைக்கவும், என்றது பெட்டி.
வைத்தேன்.
மறுபடி வைக்கவும்.
துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன்.
ஆயிரத்து இருநூறாம் நம்பர் தாள்
என் ரேகைகளையும் சமன் செய்திருந்தது.
மேற்பார்வையாளர் எதெல்வினா
நோட்டில் பேனாவால் என் பெயரை எழுதினாள்.
"நீதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினாள்.

விளிம்பில் விரல் அழுத்தாதே என்று
பெயின்ட் கடையில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.
கூரையின் ஓரத்தில் அழுத்திவிட்டேன்.
நீலம் கிழிந்து, அதற்கடியில் வெள்ளை,
வெள்ளைக்கடியில்
ஒரு பீசோ காசளவு மஞ்சள்.
சும்மா மஞ்சளில்லை.
கதவு விளிம்புக்குப் போய் வேண்டுமென்றே தேய்த்தேன்.
கறுப்பு.

மேலே மஞ்சள், கீழே கறுப்பு:
புவனோஸ் ஐரிஸ் டாக்சி.
"பள்ளிக்கூட டீச்சர் ஓட்டியது,
ஞாயிறு மட்டும்தான் வெளியே எடுப்பார்" என்று
சத்தியம் செய்து விற்றவனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.
கோபம் வரவேண்டிய இடத்தில்
சிரிப்பு வந்து தொலைத்தது.
தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் என்கிறது மீட்டர்.
எத்தனையாவது தடவை வந்த தொண்ணூறாயிரமோ.
பின் சீட்டில் யார் யார் அழுதார்களோ,
யார் சில்லறைக்குச் சண்டை போட்டார்களோ,
எவள் பிரசவ வலியில் இந்தக் கைப்பிடியைத் திருகினாளோ.

மற்ற இடங்களில் இரண்டாயிரம் தாள் வரை போனேன்.
பிறகு காம்பவுண்டுப் பசை, பழைய துண்டு,
மாத்தே ஆறிப்போன இரண்டு மாலைகள்.
ஷெட்டின் டியூப்லைட்டை பானட்டில் பார்த்தேன்:
முதல் நாள் புழுவாய் நெளிந்தது
இன்று நூல் பிடித்தாற்போல் கிடந்தது,
பக்கத்தில் நான், மூக்கில் நீலத்தோடு.
ஃபௌஸ்தினோ வந்து நகத்தால் தடவினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து, கதவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.

கூரை ஓரத்து மஞ்சளை மட்டும் மூடவில்லை.
டப்பாவில் பெயின்ட் மிச்சம் இருக்கிறது.
சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று விடிகாலை வேலை முடிந்து வரும்போது
பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கையைத் தூக்கினார்.
அந்த இருட்டில் ஒரு காசளவு மஞ்சள்
யார் கண்ணுக்கும் தெரியாது.
காற்றுக்குத் தொப்பியைப் பிடித்திருக்கலாம்.
நிறுத்தினேன்.